மாடி எடுப்பதா, ஓசூரில் வாங்குவதா? வாடகைக்காகப் போடும் முதல் பணம்

கையில் இருபது, முப்பது லட்சம் சேர்ந்த தர்மபுரிக் குடும்பங்களில் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "ஓசூர்ல ஏதாவது வாங்கிப் போட்டா மாசாமாசம் வாடகை வருமே." பணி ஓய்வுப் பணம் வந்த ஆசிரியர், மாங்காய் மண்டியில் நாலு காசு பார்த்தவர், பெங்களூரில் வேலை செய்யும் மகன் அனுப்பியதைச் சேர்த்து வைத்திருக்கும் அம்மா என்று யாரைக் கேட்டாலும் கை நீட்டும் திசை வடக்குதான். அதற்குக் காரணமும் இருக்கிறது. 1970-களில் சிப்காட் வந்தது முதல் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஓசூர் வளர்ந்துகொண்டே வந்து 2019-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. அந்தப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி பக்கம் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலை என்று ஆட்கள் வந்து இறங்கியபடியே இருக்கிறார்கள்.

இருந்தாலும், வாடகைக்கென்று முதல் தடவையாகப் பணம் போடுகிறவருக்கு ஓசூர் மனையும் ஓசூர் ஃபிளாட்டும் நல்ல தொடக்கம் என்று நான் நினைக்கவில்லை. சொந்த வீட்டு மொட்டை மாடி சும்மா கிடந்தால் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அதைக் கணக்குப் போட்டே சொல்கிறேன். கீழே வரும் விலையும் வாடகையும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. நீங்கள் விசாரித்த தொகையை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். சதவீதம் கொஞ்சம் ஏறி இறங்கும், வரிசை பெரிதாக மாறாது.

எந்த வீட்டையும் போய்ப் பார்ப்பதற்கு முன் ஒரு அளவுகோல் வேண்டும். அறுபது வயது கடந்தவர் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அந்த வட்டியில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும், மாதத்துக்கு 20,500. மோட்டார் ரிப்பேர் கிடையாது, வீடு காலியாகக் கிடக்கிறதே என்ற கவலையும் கிடையாது. வாடகை வீடு முதல் வருடமே இதைத் தாண்டிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. டெபாசிட் வட்டி போட்ட அன்றைக்கு இருந்ததுதான் ஐந்து வருடத்துக்கும். வாடகை வருடா வருடம் கொஞ்சம் ஏறும், சொத்தும் கையில் நிற்கும். அதற்காக முதல் சில வருடம் குறைந்த வருமானத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். எவ்வளவு குறைவு வரை பொறுக்கலாம் என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் இனி வரும் எல்லாக் கணக்கும் எளிதாகப் புரியும். வாடகை கட்டடத்துக்கு வருகிறது, விலை மண்ணுக்கு ஏறுகிறது. குடியிருக்க வருபவர் உங்கள் மனை சதுர அடி என்ன விலை என்று கேட்பதில்லை. இரண்டு அறை, சமையற்கட்டு, தண்ணீர், கம்பெனிப் பேருந்து நிற்கும் இடம் இவற்றைப் பார்த்து, தன் சம்பளத்தில் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத் தருகிறார். உங்கள் பணத்தில் மண்ணுக்குப் போன பங்கு கூடக் கூட, வாடகை சதவீதம் இறங்கும்.

ஃபிளாட்டை முதலில் முடித்துவிடலாம். ஓசூரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று 50 லட்சம், வாடகை 15,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் ஒரு மாதம் காலி என்று கழித்தால் 1,65,000. அதாவது 3.3 சதவீதம். பத்திரச் செலவு இதில் சேரவில்லை. கையில் 15 லட்சம் போட்டு மீதி 35 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் இருபது வருடக் கடன் எடுத்தால் மாதத் தவணை 30,000-க்குச் சற்று மேலே வரும். வாடகை அதில் பாதியைக் கட்டும், மீதிப் பாதி உங்கள் சம்பளத்திலிருந்து போகும். "வட்டியை வருமான வரியில கழிச்சுக்கலாம்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். வாடகை வருமானத்தில் கழிக்கலாம், சரிதான். ஆனால் புதிய வரி முறையில் இருப்பவர் அதற்கு மேல் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. நாளைக்கு நீங்களோ பிள்ளைகளோ ஓசூரில் குடியேறப் போகிறீர்கள் என்றால் ஃபிளாட் வாங்குங்கள். வாடகையை மட்டும் நம்பி வேண்டாம்.

அடுத்தது, ஓசூரில் மனை வாங்கி லைன் வீடு, அதாவது ஒட்டி ஒட்டிச் சின்ன வாடகை வீடுகள், கட்டுவது. எல்லாரையும் இழுப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். முப்பதுக்கு நாற்பது மனை, 1,200 சதுர அடி. ஊருக்கு வெளியே பாகலூர் ரோட்டிலோ ராயக்கோட்டை ரோட்டிலோ சதுர அடி 2,500 என்று கிடைத்தாலும் 30 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 2,70,000. சுற்றிலும் விட வேண்டிய இடத்தை விட்டு, கீழும் மேலுமாக 1,700 சதுர அடியில் நாலு சின்ன வீடு. சதுர அடிக்கு 2,200 என்றால் 37,40,000. மொத்தம் 70 லட்சத்தைத் தொட்டுவிட்டது. வீட்டுக்கு 8,000 வீதம் மாதம் 32,000, பதினோரு மாதத்துக்கு மூன்றரை லட்சம். ஐந்து சதவீதம். அதே மனை உங்கள் தாத்தா வைத்துவிட்டுப் போனது என்றால் கட்டடச் செலவுக்கு மட்டும் கணக்குப் பார்க்கலாம், ஒன்பது சதவீதத்துக்கு மேல் வரும். மாமனார் மனையில் கட்டியவர் லைன் வீட்டில் நல்ல வருமானம் என்று சொல்வதும், மனையும் சேர்த்து வாங்கியவர் கையைப் பிசைவதும் இதனால்தான். இருவர் சொல்வதும் உண்மை.

மனை விலையில் இன்னொரு பங்கு, இன்னும் வராதவற்றுக்கானது. ஓசூருக்கு விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் ஓசூர் ரோட்டில் இருக்கும் பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியது. மனை விற்பவர் இவை இரண்டையும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார். ஓசூரின் ஜூஜூவாடியிலும் மூக்கண்டப்பள்ளியிலும் வீடு தேடுகிற கான்ட்ராக்ட் தொழிலாளி இன்றைய சம்பளத்தில்தான் வாடகை தருவார். விமான நிலையத்தை நம்பி மண் வாங்குவது தப்பென்று சொல்லவில்லை. அது பத்து, பதினைந்து வருடம் காத்திருப்பவரின் வேலை. மாத வருமானம் தேடுகிறவர் அதற்கு விலை கொடுக்கக் கூடாது.

மேலும், தர்மபுரியிலிருந்து ஓசூர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நடுவில் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மோட்டார் ஓடவில்லை, நாலு குடும்பத்துக்கும் தண்ணீர் இல்லை என்று போன் வந்தால் நீங்கள் இங்கே உட்கார்ந்துகொண்டு யாரைக் கூப்பிடுவீர்கள்? உள்ளூரில் தெரிந்த பிளம்பர், எலக்ட்ரீஷியன், வாடகை வாங்கித் தர நம்பிக்கையான ஒருவர் இருந்தால் இது பெரிய விஷயமில்லை. அப்படி ஆள் இல்லாதவருக்கு வீட்டைவிட அந்தத் தூரம்தான் செலவு வைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஓசூரில் மனைதான் என்று முடிவு செய்தால், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் உள்ள மனைப் பிரிவில் மட்டும் வாங்குங்கள். அங்கீகாரம் இல்லாத பிரிவு என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பத்திரம் ஆனதா, 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் உத்தரவு வாங்கியிருக்கிறார்களா என்பதைக் காகிதத்தில் பார்க்க வேண்டும். "அப்புறம் வாங்கித் தர்றோம்" என்ற வார்த்தையை ஏற்க வேண்டாம். கட்டட அனுமதிக்கும் வங்கிக் கடனுக்கும் அதுதான் வாசல். மழைக்காலத்தில் ஒருமுறை மனையைப் போய்ப் பாருங்கள். ஏரிகள் நிறைந்த ஊர் அது. உபரி நீர் ஓடும் வழியில் போட்ட மனையைப் பங்குனியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பழைய லைன் வீட்டை அப்படியே விலைக்கு வாங்குவதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. எனக்கு அது மனைக்கு முன்னால் யோசிக்க வேண்டிய வழியாகப் படுகிறது. ஏற்கெனவே ஆறு குடும்பம் குடியிருக்கும், வாடகை ஓடிக்கொண்டிருக்கும், கட்டும் தலைவலி இல்லை. பழைய கட்டடம் என்று விற்பவரே கட்டடத்துக்குக் குறைத்துத்தான் விலை போடுவார். அதனால் வாடகை சதவீதம் புதுக் கட்டடத்தைவிட நன்றாக இருக்கும். சிக்கல் வேறு மாதிரி வரும். பாதி இடங்களில் கட்டட அனுமதி ஒரு வீட்டுக்கு இருக்கும், நிற்பது ஆறு வீடாக இருக்கும். ஒரே மின் இணைப்பில் சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று குடியிருப்போரிடம் வாங்குவார்கள். தனித்தனி மீட்டர் இருந்தால் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 இலவச யூனிட் அந்தந்தக் குடும்பத்துக்குப் போகும். வீடு தேடி வருபவர்கள் இதை முதல் கேள்வியாகவே கேட்கிறார்கள். செப்டிக் டேங்க் எத்தனை குடும்பத்துக்கானது என்றும் பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் மூன்றடி தோண்டினால் பாறை தட்டும் இடங்கள் நிறைய. புதிதாக ஒரு டேங்க் இறக்க கம்ப்ரசர் வைத்து உடைக்க வேண்டி வந்தால், விலை குறைத்து வாங்கியதெல்லாம் அதிலேயே போய்விடும்.

தொழிலாளர் ஹாஸ்டல் என்று சிலர் இறங்குகிறார்கள். ஒரு அறைக்கு நாலு கட்டில், கட்டிலுக்கு இவ்வளவு என்றால் காகிதத்தில் வருமானம் இரட்டிப்பாகத் தெரியும். அது முதலீடு என்பதைவிடத் தொழில். சமையல், காவல், ஆள் மாறிக்கொண்டே இருப்பது என்று முழு நேரமும் கேட்கும். பெண்களுக்கான விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி உரிமம் வாங்காமல் நடத்த முடியாது. அப்படிக் கேட்பது நியாயமும்கூட. வேறு வேலை பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் நடத்துகிற காரியம் இல்லை.

போக்கியத்துக்கு விடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து, ஆறு லட்சத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் வீட்டைக் கொடுப்பது ஓசூர்ப் பக்கம் நிறைய நடக்கிறது. கட்டடச் செலவில் துண்டு விழுந்தால் அதை வாங்கி இதில் போடலாம் என்று மேஸ்திரியே யோசனை சொல்வார். அது கடன். மூன்று வருடம் கழித்து அதே தொகையைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த போக்கியக்காரர் கிடைத்தால்தான் முந்தையவருக்குத் தர முடியும் என்ற நிலைமைக்குப் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வீட்டிலேயே அந்தச் சங்கிலியில் கால் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி உள்ளூர். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் குடியிருக்க வருபவர்கள் வேறு ரகம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் வந்தது, கிருஷ்ணகிரியில் போலுப்பள்ளியில் 2022-இல் வந்தது. செவிலியர், மருத்துவ மாணவர், மாற்றலாகி வரும் ஆசிரியர், காவலர், வங்கிக்காரர், ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளைக்காகப் பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் டவுனுக்கு வந்து இரண்டு வருடம் தங்கும் குடும்பம், இவர்கள்தான். ஓசூர் அளவு வாடகை தரமாட்டார்கள். ஆனால் ஒரு கம்பெனி ஷிப்டைக் குறைத்தால் தெருவே காலியாகும் பயம் இங்கே இல்லை. அரசுச் சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடும், வாடகையும் ஐந்தாம் தேதிக்குள் வரும்.

இங்கே வீட்டின் மதிப்பைத் தீர்மானிப்பதில் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல் கறை படிந்த ஒரு தலைமுறையையே நாம் பார்த்திருக்கிறோம். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. "ஒகேனக்கல் தண்ணி வருதாங்க, எத்தனை நாளைக்கு ஒரு தடவை?" என்று கேட்காமல் குழந்தை வைத்திருக்கும் குடும்பம் எதுவும் வீடு பிடிப்பதில்லை. புழங்குவதற்குப் போர் தண்ணீர், குடிக்க அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தனியாக ஒரு சம்ப், இரண்டும் இருக்கிற வீடு காலியாவதே அபூர்வம். டைல்ஸில் போடும் பணத்தில் பாதியைச் சம்புக்குப் போடுங்கள்.

இப்போது மாடிக் கணக்கு. உங்கள் வீட்டின் மேல் 1,000 சதுர அடி, 2,200 வீதம் 22 லட்சம். வெளிப் படிக்கட்டு, தண்ணீர் டேங்க், புது மின் இணைப்பு என்று இன்னும் 2 லட்சம். 24 லட்சத்தில் இரண்டு ஒற்றைப் படுக்கையறை வீடு. தர்மபுரி டவுனில் வீட்டுக்கு 7,000 வாடகை என்றால் பதினோரு மாதத்துக்கு 1,54,000. ஆறரைக்குக் கொஞ்சம் குறைவான சதவீதம். ஃபிளாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஓசூர் லைன் வீட்டைவிடவும் மேல். அதுவும் தர்மபுரி வாடகையில். மண்ணுக்கு ஒரு ரூபாய்கூடப் போகாததுதான் காரணம். மனை வாங்காததால் 9 சதவீதப் பத்திரச் செலவும் இல்லை. 24 லட்சத்தில் பாதியைக் கடனாக எடுத்தாலும் மாதத் தவணை பத்தாயிரத்தைச் சுற்றித்தான் வரும், வாடகையே கட்டிவிடும். வாடகையில் சொத்து வரி போக 30 சதவீதத்தை வருமான வரிக் கணக்கில் அப்படியே கழித்துக்கொள்ளலாம், செலவுக்கு ரசீது காட்ட வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் மேலாக, குடித்தனக்காரர் உங்கள் தலைக்கு மேலே இருக்கிறார். குழாய் ஒழுகினால் அன்றைக்கே தெரியும். அட்வான்ஸ் எவ்வளவு கேட்பது, யாரை வைப்பது, வாடகை தள்ளிப்போனால் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் சின்னத் தொகையில், கண் முன்னால் கற்றுக்கொள்ளலாம். அதன் பிறகு ஓசூர் போனால் தெரிந்தவராகப் போவீர்கள்.

மாடிக்கும் கண்டங்கள் உண்டு. முதலாவது அஸ்திவாரம். பில்லர் போட்டு இரண்டு தளத்துக்கு என்று கட்டிய வீடா, கருங்கல் அஸ்திவாரத்தின் மேல் செங்கல் சுவர் தாங்கும் வீடா என்பதைப் பொறியாளர் ஒருவர் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். மேஸ்திரி "தாங்கும் சார்" என்று சொல்வது போதாது. இரண்டாவது அதைவிடப் பெரியது. வீடு அப்பா பெயரில் இருக்கும், மகன் தன் காசில் மாடி எடுப்பான், தம்பி தங்கை யாரும் அப்போது ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அப்பா காலத்துக்குப் பிறகு கீழும் மேலும் சேர்ந்து எல்லாருக்கும் பாகம் என்று நிற்கும். சட்டமும் அப்படித்தான் பார்க்கும். செங்கல் இறக்குவதற்கு முன் பாகப்பிரிவினையோ தான செட்டில்மெண்ட்டோ பதிவு செய்துவிடுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் அந்தப் பத்திரங்களுக்கு விற்பனைப் பத்திரம் போல முழுச் செலவு கிடையாது, கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. உடன்பிறந்தவர்களை உட்கார வைத்து இதைப் பேசுவது சங்கடம்தான். பேசாமல் விட்டதால் அண்ணன் தம்பி நீதிமன்றத்தில் நிற்பது அதைவிடக் கொடுமை.

படிக்கட்டை வெளியில் வையுங்கள். உங்கள் கூடத்தைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும் என்றால் நல்ல குடும்பம் வராது. மேல்தளத்துக்கு வெயில் தாங்கும் வெள்ளைப் பூச்சோ ஓடோ போடாவிட்டால் சித்திரையில் ஒரு குடும்பமும் தங்காது.

சொந்த வீடு இல்லாதவர், அல்லது வீடு மாடி தாங்காது என்று தெரிந்தவர், உள்ளூரில் மண்ணின் பங்கு குறைவாக இருக்கும் பழைய வீட்டைத் தேடுங்கள். தர்மபுரியில் செட்டிக்கரை, ஒட்டப்பட்டி, நல்லம்பள்ளிப் பக்கம், கிருஷ்ணகிரியில் பழையபேட்டைப் பக்கம் நடந்து விசாரியுங்கள். மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, தனிப் பட்டா மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போனால் பேசலாம். கூட்டுப் பட்டா என்றால் பிரித்துத் தரும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். மனைவி, மகள் பெயரில் 10 லட்சத்துக்குள் பதிவு செய்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது.

எந்த வழியாக வீடு வந்தாலும் ஒப்பந்தத்தை எழுதுங்கள். பதினோரு மாதத்துக்கு எழுதி டிராயருக்குள் வைத்தால் போதும் என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டு நாலு மாதம் வீட்டைக் காலியாகப் போடுவதைவிட மூன்று மாதத்தோடு நிறுத்துவது உங்களுக்கும் லாபம்.

மாடி எடுப்பவர் வேலையைத் தை பிறந்ததும் தொடங்கப் பாருங்கள். சித்திரைக் கடைசியில் பூச்சு முடிந்தால் வைகாசியில் டூ-லெட் பலகை தொங்கும். மாற்றல் உத்தரவு வருவதும், பள்ளி சேர்க்கைக்காக ஊர் மாறுவதும் அப்போதுதான். ஆனி தாண்டிவிட்டால் ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆவணி வரை இரண்டு வீடும் பூட்டியே கிடக்கும்.